மூன்றாம் கட்டில் வாயைத் திறக்கிறது

நேரம் இல்லை, நேரம் இல்லை என்று சொல்லியே முக்கால் மணி நேரம் முழங்கி அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், மருத்துவத் துறையின் மாபெரும் பேராசிரியர் அவர்களே! ஊசி குத்தும்போதுகூட உண்மை பேசும் செவிலியர் சகோதரிகளே! பிள்ளை எப்போது டாக்டராகும் என்று கேட்ட உறவுக்கெல்லாம் "இதோ, இதோ" என்று பதில் சொல்லிக் களைத்து, இன்று முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! மடிப்புக் கலையாத வெள்ளை அங்கிக்குள் மளமளவென்று வியர்த்துக்கொண்டிருக்கும் இளைய மருத்துவர்களே! கிளம்பலாமா, தேநீர் வரும்வரை நிற்கலாமா என்று வாசலருகே வழக்காடிக்கொண்டிருக்கும் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் மூன்றாம் கட்டிலின் முதல் வணக்கம்!

யார் இந்த ஆள் என்று ஓர் அம்மா பக்கத்து நாற்காலியைக் கேட்கிறார்கள். சொல்கிறேன், அம்மா. இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, கிளம்பாத வண்டியை "வந்துகொண்டிருக்கிறது" என்று அறிவித்தவன் நான். பொய்யைத் திருத்தமான உச்சரிப்போடு சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சி இந்த மருத்துவமனையில் எத்தனை பேரைத் தூக்கிவிட்டது, யாரைக் கவிழ்த்துவிட்டது என்று சொல்லத்தான் இன்று இங்கே ஏறியிருக்கிறேன். குரலை உயர்த்தாதே என்று அறுவை மருத்துவர் கண்டித்திருக்கிறார். ஆகையால் மெதுவாகத்தான் முழங்குவேன், பொறுத்தருள வேண்டும்.

என் இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடுவதில்லை. துடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் இரத்தம் வந்த வழியே திரும்பிப் போகும். போகும்போது ஊதிக்கொண்டு போகும். மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான் தொல்லை. ஆனால் கல்லூரிக்கோ அது பொக்கிஷம்! தெளிவான ஓசை, திருத்தமான ஓசை, பாடப்புத்தகத்தில் போட்டபடியே பிசகாமல் ஒலிக்கும் ஒழுக்கமான ஓசை! மாணவர்களுக்கு வார்டுத் தேர்வு நடக்கும்போதெல்லாம் துறையிலிருந்து என்னைத் தேடி ஆள் வரும். நான் போய் மூன்றாம் கட்டிலில் படுப்பேன். மாணவர் வந்து என்னைப் பரிசோதித்து, இன்ன நோய் என்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். ஆக, நான்தான் வினாத்தாள்! பதினான்கு ஆண்டுகளாக ஒரு கேள்விகூட மாறாத வினாத்தாள்!

இந்த வெள்ளை அங்கி விழாவுக்காக இன்று காலையில் புதிய மாணவர்களுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். வகுப்பறையை விட்டு வார்டுக்குள் நுழைகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பன்னிரண்டு பக்கம், பளபளக்கும் அட்டை. நானும் ஒன்று வாங்கிப் படித்தேன். அங்கி முழங்காலுக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று இருக்கிறது. பேராசிரியர் சுற்றி வரும்போது யார் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று படமே போட்டிருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டலாமா, பையில் வைக்கலாமா என்று ஒரு முழுப் பக்கம் விவாதம் நடக்கிறது. நோயாளி என்ற சொல்லைத் தேடினேன், தேடினேன், ஒன்பதாம் பக்கத்தில் கண்டுபிடித்தேன். "நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது." ஆகா! பன்னிரண்டு பக்கத்தில் நான் ஒரே ஒரு முறை வருகிறேன். அதுவும் என் கட்டிலைக் காப்பாற்ற வருகிறேன்! சிரிக்கிறீர்களா? கையேட்டுக் குழு இரண்டாம் வரிசையில் இருக்கிறது. பார்த்துச் சிரியுங்கள்.

இளைய மருத்துவர்களே, இதுவரை நீங்கள் தொட்ட உடல்கள் பேசாத உடல்கள். எந்த நேரம் போனாலும் மேசையில் இருக்கும். எங்கே வெட்டினாலும் ஏன் என்று கேட்காது. வார்டில் இருப்பது வாயுள்ள உடல். "கை ஏன் தம்பி இப்படி ஜில்லுனு இருக்கு?" என்று கேட்கும். "இதையேதான் இப்ப ஒருத்தர் கேட்டுட்டுப் போனார், நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?" என்று கேட்கும். அங்கேதான் உங்களுக்குப் பயம் வருகிறது. பயம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? நோயாளியை விட்டுவிட்டுத் தாளைப் பிடித்துக்கொள்கிறீர்கள்!

எனக்கு அடுத்த கட்டிலில் ஒரு லாரி மெக்கானிக் இருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் கிடையாது, போர்வை மூடியிருந்தது. ஒரு மாணவர் வந்தார், குனிந்த தலை நிமிராமல் குறிப்பு எழுதினார், போனார். "இரண்டு பாதங்களிலும் நாடித் துடிப்பு சீராக உள்ளது." மெக்கானிக் அதை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார், "அண்ணே, அந்தக் கால எங்க வெச்சிருக்காங்கன்னு அவரக் கேட்டுச் சொல்றீங்களா?" அந்த மாணவருக்குக் கண் இல்லையா? கருணை இல்லையா? எல்லாம் இருந்தது. தாளில் ஒரு கட்டமும் இருந்தது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். போர்வையைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

மற்றவர்களைச் சொன்னது போதும். இனி என் கதைக்கு வருகிறேன்.

பதினான்கு ஆண்டுக்கு முன்னால் முதல் தேர்வில் ஒரு மாணவர் என் பக்கத்தில் நின்று நடுங்கினார். ஸ்டெதஸ்கோப் என் மார்பில் தந்தி அடித்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. தேர்வாளர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிய நேரத்தில் உதடு அசையாமல் சொன்னேன்: "தம்பி, இடது மார்புக்குக் கீழ வைங்க. ஊதுற சத்தம். அக்குள் பக்கம் பரவும். வால்வு கசியுது." அவ்வளவுதான்! அவர் தேறினார். அவர் அடுத்த ஆண்டுக்காரரிடம் சொன்னார், அவர் அதற்கடுத்தவரிடம் சொன்னார். கல்லூரி விடுதி முழுக்க ஒரே பேச்சு. "மூணாம் கட்டில் கெடைச்சா பயப்படாத. அவரே சொல்லிடுவார்."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவையோரே! பேருந்து நிலையத்தில் நாள் முழுக்கக் கத்தினாலும் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். இங்கே நான் முணுமுணுத்தால் மருத்துவர்கள் முளைத்தார்கள்! சிலர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, சங்கீதம் கேட்பதுபோல என் நெஞ்சைக் கேட்பார்கள். குழாய் காதில் இருக்காது, கழுத்தில் தொங்கும். நானும் கண்டுகொள்ள மாட்டேன். தேர்வாளர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். தேர்வாளர் கையிலிருக்கும் விடைத் தாளில் எழுதியிருப்பதை நான் சொன்னேன், நான் சொன்னதை மாணவர் சொன்னார், மாணவர் சொன்னதைத் தேர்வாளர் தாளோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார். என் உடம்பு மட்டும் இந்த உரையாடலில் கலந்துகொள்ளாமல் கட்டிலில் கிடந்தது.

இந்த ஆண்டுத் தேர்வுக்கு வருகிறேன். ஒன்பது நாளுக்கு முன்னால் நடந்தது. முப்பத்தொரு மாணவர்கள். முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், முப்பது பேரும் முத்து முத்தாகச் சொன்னார்கள். கடைசியாக வந்தவர் ஒரு மாணவி. கூட்டாளிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆமை. மற்றவர்கள் பத்துப் பேரைப் பார்க்கும் நேரத்தில் அவர் ஒருவரைப் பார்ப்பாராம். வந்ததும் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "இடது மார்புக்குக் கீழ..." 

"ஐயா, வேணாம். நீங்க சொல்லிட்டா நான் எப்படித் தெரிஞ்சுக்குறது?"

எனக்குச் சுருக்கென்றது! பதினான்கு ஆண்டுப் பரம்பரையை ஒரு பெண் வேண்டாம் என்கிறாளா? சரி, போய் விழட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் என் நகத்தில் தொடங்கினார். கண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தார். காத்திருந்தார், அவையோரே! "வேற எங்கயாவது வலி இருக்கா ஐயா?" என்றார். முதுகு கொஞ்ச நாளாகக் குடைகிறது, பழைய மெத்தை என்றேன். அந்த முதுகுவலியை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் அதைப் பாதியில் விட்டு உடனே வயிற்றுக்கு வந்தார். தொப்புளுக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு கையை வைத்தார். வைத்த கை வைத்தபடி நின்றுவிட்டது. முகம் மாறிவிட்டது.

மணி அடித்தது. தேர்வாளர் வந்தார். அவர் வேறு யாருமில்லை, நம் விழாத் தலைவர் அவர்களேதான். ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

"என்ன கண்டுபிடிச்ச?"

"சார், வயித்துல துடிக்கிற கட்டி ஒண்ணு இருக்கு. துடிக்கும்போது ரெண்டு கையும் வெலகுது."

"இது இதயக் கேஸ். இதயத்தச் சொல்லு."

"இதயத்துல சத்தம் கேக்குது சார். ஆனா இன்னும் முடிக்கல. வயித்துல..."

"தாள்ல வயிறு இல்லையேம்மா!"

தாளில் வயிறு இல்லை! எனக்கு இருந்தது, தாளுக்கு இல்லை. ஆனாலும் நியாயம் பேச வேண்டும். தலைவர் அவர்கள் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டார். "என்னய்யா, வயித்துல ஏதாச்சும் தொந்தரவா?"

என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்லீங்க சார்!" திருத்தமான உச்சரிப்பில் சொன்னேன். என் உடம்பைப் பற்றி என்னைவிட ஒரு பெண்ணுக்குத் தெரியுமா என்ற திமிர். வயிற்றிலும் ஏதாவது இருந்துவிட்டால் அடுத்த தேர்வுக்கு வேறு ஆளைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். திட்டவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. நான் செய்தது அயோக்கியத்தனம்.

அவர் அதோடு போயிருக்கலாம். தாழ்வாரத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய், "அம்மா, நான் தப்பா இருந்தாலும் பரவாயில்ல. இன்னைக்கே அவருக்கு வயித்துல ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்றிருக்கிறார். என் மனைவி நேராக வார்டுக்குள் வந்தாள். "இந்தாங்க, எந்திரிங்க." "எதுக்கு?" "எந்திரிங்கன்னா எந்திரிங்க." முப்பத்தாறு ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் குரலுக்கு நான் மறுப்புச் சொன்னதில்லை.

இதயத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய இரத்தக் குழாய் ஆறரை சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது. அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது வெடிச்சிருந்தா, இப்ப உங்ககிட்ட பேச மாட்டேன். உங்க வீட்டம்மாகிட்டதான் பேசிட்டிருப்பேன். யார் கண்டுபிடிச்சது?" என்றார். வரும் செவ்வாய்க்கிழமை எனக்கு அறுவை. அதுவரை பாரம் தூக்கக் கூடாது, படபடக்கக் கூடாது, மேடை ஏறக் கூடாது. மூன்றில் இரண்டைக் கடைப்பிடிக்கிறேன்.

நேற்றுத் தேர்வு முடிவு வந்தது. என் வாயைக் கேட்டுச் சொன்ன முப்பது பேரும் தேறினார்கள். என் உயிரைக் கண்டுபிடித்தவர் தேறவில்லை! வார்டுப் பயிற்சியை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டுமாம். அதோ, கடைசி வரிசையில், புதுச் சலவை அங்கிகளுக்கு நடுவில், மணிக்கட்டில் மைக்கறை படிந்த பழைய அங்கியோடு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். திரும்பிப் பாருங்கள், தாய்மார்களே! 

பட்டியலில் இன்று மாலை ஐந்து மணிக்குத் தலைவர் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு எழுத்து மாறாது. துறை அலுவலகத்துக்குப் போனேன். ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, மதிப்பெண் தவறு என்று ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றேன். "மதிப்பெண் விஷயமா மாணவர் மனு குடுக்கலாம், பெற்றோர் குடுக்கலாம். நோயாளி குடுக்க படிவம் இல்லீங்க" என்றார் எழுத்தர். நான் நோயாளி இல்லை, வினாத்தாள் என்றேன். "அதுக்கும் படிவம் இல்லீங்க" என்றார். நல்ல மனிதர், உண்மையிலேயே இழுப்பறையைத் திறந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். 

தலைவர் அவர்களையும் கண்டேன். "ஸ்கேன்ல தெரியுறது கைல தெரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாதுய்யா. அந்தப் பொண்ணு ஏதோ குத்துமதிப்பாச் சொல்லியிருக்கும்" என்றார். வெளியே வந்தால் விழாக் குழு நிற்கிறது. நோயாளி சார்பில் வாழ்த்திப் பேச ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார்கள். படிவம் கிடைக்காதவனுக்கு ஒலிபெருக்கி கிடைத்தது!

என்ன தம்பி, சீட்டா? "சுருக்கமாக முடிக்கவும்." முடிக்கிறேன். ஆறரை சென்டிமீட்டர் வீங்கிய பிறகு எதைச் சுருக்குவது?

அவையோரே, ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மாணவரை வகுப்பறையிலிருந்து வார்டுக்கு அழைத்து வருவது என்றால் என்ன? அங்கி மாட்டிவிடுவதா? அட்டை போட்ட கையேடு கொடுப்பதா? யார் பின்னால் நிற்பது என்று படம் வரைவதா? ஒரு மாணவர் நிதானமாகப் பார்த்தால், பார்க்க நேரம் கொடுத்தோமா? "இன்னும் முடிக்கல சார்" என்று ஒருவர் உண்மையைச் சொன்னால், அந்த உண்மைக்கு மதிப்பெண் போட ஒரு கட்டம் வைத்தோமா? தாளில் இல்லாத ஒன்றை ஒரு கை கண்டால், தாளைக் கீழே வைத்துவிட்டு நம் கையை வைத்துப் பார்த்தோமா? பார்க்காமல் சொன்ன முப்பது பேருக்கும் பாராட்டு! பார்த்துச் சொன்னவருக்கு மறு ஆண்டு! இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த இளைஞர்கள் நாளை எந்த வழியைப் பிடிப்பார்கள்? அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வழியைப் போட்டுக்கொடுத்தவன் நான். தேர்வாளர்களே, அதன் மேல் கல் பரப்பியவர்கள் நீங்கள்.

இனி மூன்றாம் கட்டிலில் வாய் கிடையாது. யார் வந்தாலும், எவ்வளவு நடுங்கினாலும், ஒரு சொல் சொல்ல மாட்டேன். உடம்பு இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்.

தலைவர் அவர்களே, முதலில் நீங்கள் வாருங்கள். ஆமாம், இங்கேயே, இப்போதே. தம்பிகளா, அந்தப் பூச்செண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் மேசையிலிருந்து எடுங்கள். இதோ படுத்துவிட்டேன். முன்வரிசைத் தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். சட்டையை மார்புவரை தூக்குகிறேன், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஒலிபெருக்கியை என் கையில் கொடுங்கள். ஐயா, தயங்காதீர்கள். மென்மையான கைக்கு ஆபத்தில்லை என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

வருகிறார்! எழுந்து வருகிறார், அவையோரே! கைதட்டாதீர்கள், எனக்குப் படபடக்கக் கூடாது.

"எந்த எடத்துலய்யா?" என்று கேட்கிறார். ஐயா! நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, பதினான்கு ஆண்டுப் பழக்கம்! சொல்ல மாட்டேன். நீங்கள்தான் தேட வேண்டும்.

இரண்டு கையையும் வைத்துவிட்டார். எனக்கு மேலே மின்விசிறிதான் தெரிகிறது. உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். என்ன, அம்மா? "கை ரெண்டும் வெலகுது" என்கிறீர்களா? சேர்கிறதா, விலகுகிறதா? பின்வரிசையும் எழுந்து நிற்கிறதா? கண்ணிருந்தால் போதும் என்கிறீர்களே, இதற்குப் படிப்பு வேண்டாம் என்கிறீர்களே! ஐயா இன்னும் கையை எடுக்கவில்லை.

பேசுகிறார். ஒலிபெருக்கியை அவர் பக்கம் நீட்டுகிறேன். கேட்டதா? கேட்காதவர்களுக்கு நான் அறிவிக்கிறேன். இது நான் அறிவிப்பதிலேயே உண்மையான அறிவிப்பு. "தெளிவா இருக்கு. அன்னைக்கு நான் தாளத்தான் பாத்தேன். இவரத் தொடவே இல்ல" என்கிறார். ஐயா, இதைச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். உங்களைக் கிண்டல் செய்ததற்கு வருந்தவில்லை. ஆனால் இப்போது உங்களை வணங்குகிறேன்.

இன்னும் சொல்கிறார். "பட்டியல்ல நான் கையெழுத்துப் போடல. அந்தப் பொண்ண மேல வரச் சொல்லுங்க. இதயத்த முடிக்கலன்னு சொன்னா இல்ல? இப்ப முடிக்கட்டும். யாரும் மணி அடிக்காதீங்க."

வழி விடுங்கள், பெரியோர்களே! மெதுவாகத்தான் வருவார், அவர் அப்படித்தான். வந்துவிட்டார். கையைத் தேய்த்துக்கொள்கிறார். 

அழைத்த குழுவுக்கும், எழுந்து வந்த தலைவருக்கும், என்னை எழுப்பி அனுப்பிய என் மனைவிக்கும், சிரித்தும் சினந்தும் கேட்ட உங்கள் அனைவருக்கும் இந்த மேசையில் படுத்தபடியே நன்றியும் வணக்கமும் சொல்லிக்கொள்கிறேன். இன்னும் பேச ஆசைதான். ஆனால் குழாயைக் காதில் மாட்டிவிட்டார். தம்பி, அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். இந்த ஒலிபெருக்கியையும் நிறுத்துங்கள். அவருக்குக் கேட்க வேண்டும்.